கயர்க்கிற வைனின் வரலாறு

வைன் விற்பவருக்கு நாக்கு தேவையில்லை, வாய் இருந்தால் போதும். நாள் முழுக்க நின்று, தாங்கள் வாங்காத சாமானை மற்றவருக்குப் புகழ்ந்து கால் வீங்கியவர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஒரு வைன் கடையில் சுவை பார்க்கும் மேசை என்னுடையது. பிரான்சின் பொர்தோப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றின் சிவப்பு வைனை ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்து, அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும். துறவிகள் நட்டார்கள், நீதிபதி வாங்கினார், புரட்சிக்காரர் பறித்தார்கள், நீதிபதியின் விதவை போராடி மீட்டாள். விதவையிடம் வரும்போது என் குரல் தானாகவே தணிந்துவிடும். வீட்டில் என் குரலைக் கேட்க இப்போது ஆளில்லை. மேசைக்கு வருகிறவர்களாவது கேட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் முதலாளி வந்து நின்றார். "கதை நன்றாக இருக்கிறது. வைன்தான் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. டிசம்பர் நத்தாருக்குள் விற்று முடியாவிட்டால் இந்தத் தோட்டத்து வைனை நிறுத்திவிட்டு மேசையையும் எடுத்துவிடலாம்" என்றார். மேசை போன பிறகு நான் மட்டும் அங்கே நின்று என்ன செய்ய?

வேர்

ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் பிரெஞ்சு மண்ணின் தூய்மை பற்றி எனக்கே வகுப்பெடுத்தார். முன்னொரு காலத்தில் வேரைத் தின்னும் பூச்சி வந்து பிரான்சின் கொடிகளை அழித்ததையும், பிறகு அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் பிழைக்க வைத்தார்கள் என்பதையும் மரியாதையாகச் சொன்னேன். கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படியானால் இந்த வைன் எந்த ஊர்?"

"பிரான்ஸ்தான்."

அவர் கிளாசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பழக்கமான கேள்வி வந்தது:

"இல்லை, உண்மையில் எந்த ஊர்?"

சரளைக்கல்

அந்தத் தோட்டத்து மண் ஆறு கொண்டுவந்து போட்ட சரளை. பகல் வெயிலைக் குடித்து வைத்து, இருட்டிய பிறகு கொடிக்குச் சூடு கொடுக்குமாம். இதைச் சொன்னதும் மனைவியோடு வந்த ஒருவர் கண்ணை மூடி முகர்ந்தார். ஈரக்கல் மணக்கிறது என்றார். பிறகு சுருட்டுப் பெட்டி, அதன்பின் குதிரைச் சேணம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், அதுவும் வேலைதான். பக்கத்தில் நின்ற மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"வீட்டில் சூப்புக்கு உப்பில்லை என்பதே இவருக்குத் தெரியாது."

கயர்

எங்கள் தமிழ்ச் சனம் கடைக்குள் வரும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வரும். என்னைக் கண்டதும் "சமையலுக்கு, அக்கா" என்று கேளாமலே சொல்லும். கோயிலில் பழக்கமான சிவம் அப்படி மறைக்கிற ஆளில்லை. "இதுக்கு என்ன கலக்கிறது அக்கா, சோடாவோ கோலாவோ?" என்று நேராகவே கேட்டார். ஒன்றும் கலக்க ஏலாது என்றேன். துறவிகள் தொடங்கி விதவை வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு வாயில் ஊற்றினார். முகம் சுருங்கியது.

"கயர்க்குது அக்கா! நாவல்பழம் திண்ட மாதிரி நாக்கு ஒட்டுது."

அந்தச் சுவையைத் தோட்டத்தார் போத்தலில் 'பட்டு' என்று எழுதியிருந்தார்கள். முதலாளி 'உலர்ந்தது' என்பார். இத்தனை நாளும் நான் தேடிய சொல் அதுதான். கயர். சொல்லும்போதே நாக்கில் உரசுகிறது. எனக்குக் கண் கலங்கியது. சிவத்துக்கோ வேறு யோசனை. அவருக்குச் சீனி வருத்தம். நீரிழிவு என்று எழுதுவார்களே, அதுதான். மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்:

"கயரெண்டால் சீனிக்கு நல்லதெல்லோ?"

மருந்து

இல்லை, இது மருந்தில்லை, டொக்டரைக் கேளுங்கோ என்று தலையில் அடித்துச் சொன்னேன். சிவம் கோயிலில் என்ன சொன்னாரோ, அடுத்த கிழமையே கோயில் பிரசாதப் பைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிறகு தூரத்துக் கெல்சென்கிர்ச்சனிலிருந்தும் கார் பிடித்து வந்தார்கள். துறவிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "அந்தக் கயர் வைன்" என்றார்கள். மேசை போனாலும் போகட்டும் என்று ஒவ்வொருவரிடமும் இது மருந்தில்லை என்றேன். ஒரு மனுசி என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார்:

"விளங்குது அக்கா. கடையில நிண்டு நீங்கள் அப்பிடித்தானே சொல்லோணும்."

வரலாறு

நத்தாருக்கு முன்னமே ஒரு போத்தலும் மிஞ்சவில்லை. செய்தி கேட்டு, தோட்டத்தின் சொந்தக்காரி பிரான்சிலிருந்து வந்தார். முதலாளி என் தோளில் கை வைத்து, இவருடைய கதைதான் எல்லாவற்றையும் விற்றது என்றார். இன்னும் இருக்கா என்று பார்க்க வந்த சிவம் அங்கே அகப்பட்டார். சொந்தக்காரி தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "எங்கள் வரலாற்றில் உங்களைத் தொட்டது எது?" என்று கேட்டார். சிவம் நெஞ்சில் கை வைத்து, உண்மையைச் சொன்னார்:

"ட்சுக்கர்."

ஜெர்மனில் அது சீனிக்கும் பெயர், சீனி வருத்தத்துக்கும் பெயர். சிவம் எதைச் சொன்னார் என்பது சொந்தக்காரிக்குத் தெரியவில்லை. சிவத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்:

"துறவிகள் நட்ட நாளிலிருந்து எங்கள் வைனை இனிப்பு என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்!"

மேசை அதே இடத்தில் இருக்கிறது, விதவையிடம் வரும்போது என் குரல் இன்னும் தணிகிறது, கேட்கிறவர்கள்தான் கதையில் சீனி எப்போது வரும் என்று பொறுமையாகக் காத்து நிற்கிறார்கள்.