ஃபயர்வால் காட்டிக்கொடுத்த அறை

ஜலகண்டாபுரத்தில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். புது டிசைன்கள் போட்டிக் கம்பெனிக்குப் போகின்றன என்று முதலாளிக்குச் சந்தேகம்.

"கவிதாதானுங்க. அந்தப் புள்ள கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட்டை அடைச்சுருங்க" என்றார். கவிதா அங்கே டிசைன் வரைபவர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "எல்லாருக்கும் ஒரே ரூல் போடுறேனுங்க" என்றேன்.

நெட்வொர்க்கில் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் ஃபயர்வாலில் வழக்கமாக இருப்பது ‘விடு’ அல்லது ‘தடு’ என்ற ரூல்தான். நான் சொந்தமாக ஒன்றைச் சேர்த்தேன்: டிசைன் ஃபைல் வெளியே கிளம்பினால் தடுத்துவிட்டு, எந்தக் கம்ப்யூட்டர் என்று உடனே என் போனுக்குச் சொல்ல வேண்டும்.

இன்று மதியம் கவிதா என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

முதலாளி அறையின் கம்ப்யூட்டர்.

அவரோ வெளியே லாரியில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"என் ரூம்லயா? அங்க என் மச்சான் மட்டுந்தானே உக்காந்திருக்காப்ல..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு என் தோளைத் தொட்டு, "அந்த ரூலை எடுத்துருங்க சாமி" என்றார்.

கவிதாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ரூல் இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்களாக இருந்தால் எடுப்பீர்களா?