செபாஸ்டியனுக்குப் பாடப் போனவர்கள்

இசபெல்லா, லகாட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றபோது அவருக்கு இருபத்தைந்து வயது. சனங்கள் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிய அந்த வருடம்தான், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த செபாஸ்டியன் பாடற்குழுவைத் தொடங்கினார்.

"வேற எங்க பாக்கப் போறோம், சாவு வீட்லயாச்சும் பாத்துக்கலாம்லா" என்றார்.

அப்படியே ஆயிற்று. வெள்ளிக்கிழமைகளில் சிலிபின் தேவாலயத்தில் பயிற்சி. குழுவைச் சேர்ந்த யார் வீட்டில் துக்கம் என்றாலும், பெட்டியை மூடுமுன் நான்கு குரலில் ஒரு பாட்டு. செபாஸ்டியன் வைத்த சட்டம் ஒன்றுதான்: இறந்தவர் முன் தொடங்கிய பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கணவரின் நோய், எல்லாவற்றுக்கும் நடுவே முப்பத்தெட்டு வருடம் இசபெல்லா பாடினார். பிறகு குழுவையும் நடத்தினார். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செபாஸ்டியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மொகம் தெறந்திருக்கும்போதே பாடிரு. மூடிட்டா கேக்குமோ கேக்காதோ."

"சரிண்ணே" என்றார் இசபெல்லா. அவர் சிரித்தார், இவரால் முடியவில்லை.

செபாஸ்டியன் இறந்தார்; கமுந்திங் ஊரில் அவர் மகள் வலேரி வீட்டிலிருந்து அடக்கம். இரண்டு மணிக்குப் பெட்டி மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வழியில் நெரிசல். தாமான் குடியிருப்புக்குள் குழுவின் வேன் திரும்பியபோது இரண்டு மணியாக ஏழு நிமிடம் இருந்தது. வெள்ளைக் கூடாரமும் சிலுவையும் தெரிந்ததுமே இறங்கி ஓடினார்கள். மாலைகள் குவிந்திருந்த கால்மாட்டில் வரிசையாக நின்று, இசபெல்லா கையை உயர்த்தி, கண்ணை மூடிச் சுருதி கொடுத்தார்.

இரண்டாம் அடியில் கண் திறந்தார். பெட்டிக்குள் கிடந்தது ஒரு வாலிபன்.

"அக்கா, வீடு மாறிப்போச்சு. நம்ம வீடு அடுத்த சந்து, அடுத்த லோரோங்" என்று குழுவில் பாடும் தீபன் காதருகே சொன்னான். "வாங்க, போயிரலாம்."

நாற்காலிகள் பெரும்பாலும் காலி. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாய், பாட்டைக் கேட்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றுவிட்டாள். இன்னும் மூன்று சரணம் இருந்தது. இசபெல்லா கையை இறக்கவில்லை.

முடிந்ததும் அந்தத் தாய் அவரைப் பிடித்துக்கொண்டாள். "யாரும்மா உங்கள அனுப்புனது?"

"செபாஸ்டியன் அண்ணன்" என்றார் இசபெல்லா. வாயில் வந்தது அதுதான்.

அடுத்த லோரோங்கில் பெட்டியின் திருகாணிகளை முடுக்கியிருந்தார்கள்.

"பாதர்கிட்ட கெஞ்சி முடிஞ்ச மட்டும் நிறுத்தி வெச்சிருந்தேன், அத்தை. எங்க போனீங்க?" வலேரியின் கண்கள் சிவந்திருந்தன.

"வேற வீட்ல பாடிட்டோம்மா. பாதியில விட்டுட்டு வர முடியல."

"அங்க யாரு?"

"பேரு கேக்கல. சின்னப் பையன்."

வலேரி மூடியின் ஒரு முனையில் இருந்த மலர்வளையத்தை எடுத்துக் கீழே வைத்தாள்.

"மொகம் இந்தப் பக்கம், அத்தை."

இசபெல்லா அங்கே போய், மரத்தோடு உதடு படும்படி குனிந்து, சுருதி கொடுத்தார்.