மருந்து தராத டாக்டர்

எண்பதுகளில் சிங்கப்பூரில், பூன் லேயில் குடியிருந்தோம். ஒருநாள் குளித்துவிட்டுத் துடைக்கும்போதுதான் என் தொடையைக் கவனித்தேன். ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாக இருந்தது. ஏதோ கெட்ட நோய் என்று பயந்து கிளினிக்குக்கு ஓடினேன்.

யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் தொட்டுப் பார்த்தார். "இது நோய் இல்லை. செல்லுலைட் எண்டு சொல்லுவினம். தோலுக்குக் கீழ இருக்கிற நார் உள்ளுக்கு இழுக்குது, இடையில கொழுப்பு வெளியில தள்ளுது. ஒல்லியான பொம்பிளையளுக்கும் வரும்" என்றார்.

"மருந்து?"

"ஒண்டும் வேண்டாம்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த ஊரில் சளி என்று போனாலே பை நிறைய மாத்திரை கொடுத்துத்தான் அனுப்புவார்கள். வெறுங்கையோடு அனுப்புகிறார் என்றால் எதையோ மறைக்கிறார்.

நேரே தேக்கா சந்தையில் ஓர் அழகுப்பொருள் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண், "உடம்புல கெட்ட நீர் சேந்திருக்குக்கா. இந்த கிரீம் தடவுங்க, ஓடிப்போயிரும் லா" என்றாள். அவளை ஏனோ சந்தேகப்படவே தோன்றவில்லை. மாதக்கணக்கில் தேய்த்தேன். ஒரு குழிகூட நிரம்பவில்லை.

பிறகொரு நாள் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த டாக்டர் நீச்சல் உடையில் என்னைக் கடந்து போனார். குச்சி போன்ற உடம்பு. தொடையில் அதே குழிகள். என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.

எதையோ மறைக்கிறார் என்று நான் நினைத்த பெண், ஒன்றையும் மறைக்காமல் நீந்திக்கொண்டிருந்தார்.

மிச்சக் கிரீமைக் குதிகால் வெடிப்புக்குத் தடவினேன். அதற்கு நன்றாகவே கேட்டது.