ஒப்புதலுக்குக் காத்திருந்த கருத்துகள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது எங்கள் தமிழ் டீச்சர் ஒரு புது ஏற்பாட்டைச் சொன்னார். வகுப்பில் நடத்தும் பாட்டுகளில் ஒன்றை வாரந்தோறும் எடுத்துக்கொண்டு, அது மனதில் எழுப்பியதை ஒரு வலைப்பூவில் எழுத வேண்டும். பரீட்சைத்தாளில் எழுதுவதுபோல உரை எழுதக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. துணையின் பதிவைப் படித்துக் கருத்து எழுதினால்தான் இன்டர்னல் மார்க் முழுதாகக் கிடைக்கும்.

எனக்குத் துணையாக வந்தவள் ஆனைக்கரைப் பெண். இடுக்கி மலையில் ஒரு ஏலத்தோட்டத்து ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். எங்களுக்குள் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. முதலாண்டின் முதல் நாளே அது முடிந்துபோயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "ஏ, அங்கிட்டுத் தள்ளி உக்காரு" என்றாள். நான் கோயம்புத்தூர் எல்லைக்கு இப்பால், மலையாள மண்ணில் இருக்கும் வேலந்தாவளம் பக்கத்து விவசாயக் குடும்பம். முன்பின் தெரியாத ஒருத்தி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "ஏனுங்க, உங்களுக்கு அவ்வளவு எடமா வேணும்?" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. வேறு பெஞ்சுக்குப் போனவள் ஓராண்டாக அங்கேயே இருந்தாள்.

நான் முதலில் எழுதியது, கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய பாட்டுக்கு. எங்கள் ஊரில் காத்திருப்பது ஆளுக்காக அல்ல, மழைக்காகவே. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வரும். அப்பா வரப்பில் நின்று அண்ணாந்து பார்ப்பார். கணவாய்க் காற்று மேகத்தை அப்படியே கோயம்புத்தூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அப்பா போர் மோட்டாரைப் போடப் போவார். இதைத்தான் எழுதினேன். போனில் தமிழ் தட்டுவது எனக்குப் புதிது. ஒரு பத்தி முடிப்பதற்குள் விரல் வலித்தது.

துணையிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அடுத்த பதிவுக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. நான் மட்டும் அவள் பதிவுகளுக்குக் கடமைக்கு இரண்டு வரி போட்டுவந்தேன். அவள் நன்றாகவே எழுதினாள். அதைச் சொல்ல மனம் வராமல், 'படித்தேன், சிறப்பு' என்று முடித்துக்கொள்வேன்.

ஒரு மதியம் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "உன் துணை வாராவாரம் எழுதினதாச் சொல்றாளே, ஏன் நீ மறுமொழியே கொடுக்கல?"

"அவங்க ஒண்ணுமே எழுதலீங்க டீச்சர்."

டீச்சர் என் போனை வாங்கி, நான் ஒருநாளும் திறந்திராத ஒரு பக்கத்தைத் திறந்தார். 'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை' என்று இருந்தது. வலைப்பூ தொடங்கும்போது ஏதோ ஒரு பெட்டியில் தெரியாமல் டிக் போட்டிருக்கிறேன். வந்த கருத்தெல்லாம் என் சம்மதம் கேட்டு உள்ளேயே நின்றிருந்தது. எல்லாம் அவளுடையது. ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை.

நூலக வராந்தாவில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். முதல் பதிவுக்கு எழுதியிருந்தாள்: 'மழை வராததைப் பற்றி இவ்வளவு எழுத முடியும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஆனி பிறந்தால் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவோம். பள்ளிக்கூடத்தில் எல்லோர் சட்டையிலும் புகை வாசம் இருக்கும். அதனால் யாருக்கும் யாரும் நாறமாட்டோம்.' இன்னொன்றில், 'வீட்டை "ஊடு" என்று எழுதியிருக்கிறீர்கள். பிழையா, உங்கள் பேச்சா? பேச்சு என்றால் மாற்ற வேண்டாம்.' கடைசிக் கருத்து சிறியது: 'நான் எழுதுவது பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். டீச்சரிடம் வேறு துணை கேட்டுக்கொள்கிறேன்.'

எழுத்தில் என்னை அவள் 'நீங்கள்' என்றே கூப்பிட்டிருந்தாள்.

அன்று மாலை விடுதி வாசலில் அவளைப் பிடித்தேன்.

"உங்க கமென்ட்டெல்லாம் இப்பத்தானுங்க பாத்தேன். உள்ளயே நின்னுருச்சு. எனக்குத் தெரியலீங்க."

"சரி, அத விடு. இப்பவும் எதுக்கு 'ங்க' போட்டுக் கேலி பண்ற?"

"கேலியா? நாங்க பேசறதே அப்படித்தானுங்க. எங்க ஊட்டுல கன்னுக்குட்டியக்கூட வாங்கன்னுதான் கூப்பிடுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்ல, கூடப் படிக்கிறவ 'ங்க' போட்டாச் சண்டைன்னு அர்த்தம். அன்னைக்கு நீ என்னைய மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"நீங்க தள்ளி உக்காருன்னது எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அதன்பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆனாலும் பதிவைப் பற்றி நேரில் பேசிக்கொள்ள மாட்டோம். எதுவானாலும் கருத்துப் பெட்டியில்தான். பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லக் கூச்சமானவற்றையெல்லாம் அங்கே எழுதினாள். நானும் எழுதினேன்.

ஆடியில் பெருமழை பிடித்தது. மலை மாவட்டங்களுக்கெல்லாம் கலெக்டர்கள் அவதி அறிவித்தார்கள். விடுமுறைக்கு மலையாளத்தில் அவதி என்றுதான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு முந்தின வாரமே அவள் ஊருக்குப் போயிருந்தாள். இடுக்கியில் மலை சரிந்து ரோடு அடைபட்டுவிட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். அவள் போன் அணைந்தே கிடந்தது.

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். வழக்கம்போல அந்த வாரப் பதிவை எழுதிப் போட்டேன். என்ன எழுதினேன் என்று எனக்கே தெளிவில்லை. பிறகு, ஒப்புதலுக்குக் காத்திருப்பவை பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். காலியாகவே இருந்தது.

"போனுக்குள்ள என்ன கண்ணு தேடற?" என்றாள் அம்மா.

"கூடப் படிக்கிற புள்ள ஆனைக்கரைங்கம்மா. அந்தப் பக்கம் மலை சரிஞ்சிருக்குதாமா."

அம்மா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "நமக்கு ஒரு தூத்தல் போடல. அங்க ஊரையே அடிச்சுட்டுப் போகுது பாரு." பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னொருக்காப் பாரு, வந்திருக்கும்" என்றாள். அன்று வரவில்லை.

வந்தது இரண்டு நாள் கழித்து, நான் களத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். 'நாங்கள் நலம். கரண்டும் டவரும் இல்லை. அரிசி வாங்க அண்ணனோடு ஜீப்பில் குமுளிக்கு வந்தேன், இங்கே சிக்னல் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏலச்செடிகள் மண்ணோடு போய்விட்டன. வீடு நிற்கிறது. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை, தமிழில் துன்பம். எங்களுக்கு இரண்டும் ஒரே நாளில் வந்தன. பதிவு படித்தேன். கடைசிப் பத்தி சரியில்லை. அவசரத்தில் முடித்திருக்கிறீர்கள்.'

ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "அந்த நேரத்துலயும் குத்தம் சொல்லுதா?" என்று அம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நான் கடைசிப் பத்தியைத் திருத்தி எழுதினேன். அவள் சொன்னது சரிதான்.

கல்லூரிக்குத் திரும்பி வந்தபின் மண் சரிந்த நாளைப் பற்றி அவள் ஒரு பதிவு எழுதினாள். டீச்சர் அதை வகுப்பில் படிக்கச் சொன்னார். நல்ல எழுத்துத் தமிழில் படித்துக்கொண்டே வந்தவள், அவள் அம்மா சொன்ன இடத்தில் மட்டும் பேச்சுக்கு மாறினாள்: "செடி போனாப் போகுது, நட்டுக்கலாம். நீ இங்கிட்டு வா." முடித்ததும் எங்கள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன் ஒருவன், "மறுக்கா நட்டா எப்பங்க காய்க்கும்?" என்று கேட்டான். அவன் வீடும் விவசாயம்தான். "மூணு வருசம் ஆகும்" என்றாள். அவன் தலையாட்டினான். பிறகு டீச்சர் பாடத்துக்குப் போனார்.

அந்தப் பருவத்தோடு வலைப்பூ வேலையும் முடிந்தது. மற்றவர்கள் அன்றே நிறுத்தினார்கள். நாங்கள் இருவரும் இன்னும் சில மாதம் இழுத்தோம். பிறகு நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது நான் கோயம்புத்தூரில் மேலே படிக்கிறேன். அவள் தேனிப் பக்கம் பி.எட். சேர்ந்திருக்கிறாள். போன வாரம் பயிற்சிக்காக ஒரு பள்ளியில் முதன்முதலாகப் பாடம் நடத்தினாளாம். பிள்ளைகள் எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். "ஒருத்தியாவது வாயத் தொறந்து ஏதாச்சும் கேட்டிருக்கலாம்" என்று இன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி போனில் அரை மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டாள். நாளைக்கு மறுபடியும் அதே வகுப்பு. என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேருந்து வந்துவிட்டது.