மூன்று நாள் கொடுத்த தேன்

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர் விஜயரத்தினம். சுங்கத்தில் பிடிபடும் உயிர்களை வைத்துப் பார்க்கும் இடத்தில் கூடு கழுவித் தீன் வைப்பது வேலை. பதினொரு வருஷத்தில் பாம்பு, ஆமை, குரங்கு எல்லாம் பார்த்தாயிற்று. எதற்கும் அசையாத மனுசன். இந்தக் குருவிதான் ஆட்டிவிட்டது.

யாரோ ஒருத்தனுடைய சூட்கேசில், காலுறைக்குள் சுற்றி வந்த ஹம்மிங்பேர்ட். கட்டைவிரல் அளவு, கழுத்தில் நீலம். கொலம்பியாவில் முகில் மூடிய ஒரு மலைக்காட்டில் மட்டும்தான் இந்த இனம், அங்கேயும் சில நூறுதான் என்று மிருக வைத்தியர் கோசிகா சொன்னாள். நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீனி, வேறொன்றும் வேண்டாம் என்று கூட்டில் எழுதியும் ஒட்டினாள்.

விஜயரத்தினத்துக்கு மனம் கேட்கவில்லை. தனக்குச் சீனி வருத்தம் என்று கண்ட நாளிலிருந்து வெள்ளைச் சீனியை வீட்டுக்குள் விடாதவர். ஈஸ்ட் ஹாமில் நல்ல தேன் வாங்கி வந்து கரைத்து வைத்தார். குருவி குடித்தது. அவருக்குப் பெரிய புழுகம், முகமெல்லாம் சிரிப்பு. மூன்று நாள் அப்படியே போனது.

நாலாம் நாள் காலை அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொப்பில் இருந்தது. குடிக்கவில்லை. பயந்துபோய்ப் போனில் தேடினார். தேன் கொடுத்தால் நாக்கில் பூஞ்சணம் பிடித்துச் செத்துப்போகும் என்று கிடந்தது.

போத்தலை மூன்று தரம் கழுவினார். ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும், ஐம்பத்தெட்டு வயதில் வேறு எவன் தருவான்?

கோசிகா வந்து பார்த்தாள். பயணக் களைப்பாக இருக்கும், ஊசி போடுவோம் என்று மருந்தை இழுத்தாள்.

"பிள்ளை, போடாதேங்கோ. நான் தேன் குடுத்தனான். மூண்டு நாள்."

"நான் எழுதி ஒட்டினனான் எல்லோ, அங்கிள்?"

"வாசிச்சனான். உங்களை விட எனக்குக் கூடத் தெரியும் எண்டு நினைச்சிட்டன்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். வெளிச்சம் பிடிக்கச் சொன்னாள். நூல் போன்ற நாக்கின் அடியில் வெள்ளைப் பொட்டு. ஊசியை வைத்துவிட்டுப் பூஞ்சண மருந்தை எடுத்தாள்.

"தப்புமோ தெரியாது. ஆனா இதை நான் ரிப்போர்ட்டிலை எழுத வேணும்."

"எழுதுங்கோ."

மருந்து உள்ளே போனது. ரிப்போர்ட்டும் மனேஜருக்குப் போனது. இனிச் சீனித்தண்ணீரைத் துளித் துளியாக வைக்க வேண்டும். அவள் குருவியை அவர் கையிலேயே கொடுத்தாள். முதல் துளியை அது தொடவில்லை. அவர் இன்னொரு துளி வைத்தார். இரண்டாவதற்கு நாக்கு கொஞ்சம் வெளியே வந்தது.

கதவடியில் மனேஜர் அவர் பெயரைக் கூப்பிட்டார். இந்தத் துளி முடியட்டும், வருகிறேன் என்று சொல்லும்படி கோசிகாவிடம் சொன்னார் விஜயரத்தினம்.