படிக்க மட்டும் திறந்த டிஸ்க்

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்தது இது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். பதினோரு மணி வாக்கில் ஓர் அம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து, துண்டில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்தார்.

"உட்காருங்க பாட்டிம்மா" என்றேன். அறுபது வயது இருக்கும் என்று பார்த்ததுமே முடிவு கட்டியிருந்தேன்.

அவர் புதுப்பட்டினத்துக்காரர். ஓர் அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அடையாள அட்டை எடுக்க முகாம் போட்டபோது, எழுதியவர் முகத்தைப் பார்த்தே பிறந்த வருடம் என்று ஒன்றைப் போட்டு, ஜனவரி ஒன்று என்று தேதியும் வைத்துவிட்டாராம். அந்த அட்டைப்படி அடுத்த மாதம் இவருக்கு அறுபது முடிகிறது. வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள்.

"எனுக்கு அவ்ளோ வயசு ஆவல சார். திங்கக்கெழமைக்குள்ள ஆதாரம் எட்த்தா, இல்லாங்காட்டி நின்னுக்கோன்றாங்க. வூட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன்."

குழந்தையாக இருந்தபோது இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் பதிவேடு இருந்திருக்கிறது. கூரை ஒழுகி அது கூழாகிப் போய்விட்டது. ஆனால் பல வருடங்களுக்கு முன் ஆராய்ச்சிக்கென்று வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து, ஒரு பிரதியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதுதான் இந்த டிஸ்க். பங்குத் தந்தை அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மூன்று கடைகளில் செருகிப் பார்த்தாயிற்று. மூன்றிலும், 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்றுதான் கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அது மேக் கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க். கோப்புகளை அது அடுக்கி வைக்கும் முறை, கடைகளில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் புரியாது. என்னிடம் இருப்பதெல்லாம் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்கள். முறை எதுவென்று சொல்லி மவுண்ட் செய்தால், அதாவது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து உள்ளே இருப்பதைக் காட்டச் சொன்னால், காட்டிவிடும். "அஞ்சு நிமிஷ வேலை" என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்.

டிஸ்க்கை மேசையில் வைத்ததிலிருந்து அதன் ஒரு மூலையை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரிஜினல் பத்திரத்தை யாரிடமாவது காட்டுகிறவர்கள் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் என்ன தூக்கிக்கொண்டா ஓடப் போகிறேன்?

செருகினேன். 'டிஸ்க் முறையாக மூடப்படவில்லை, பழுது பார்ப்பது நல்லது' என்று திரையில் வந்தது. பழுது பார்க்கும் கட்டளையைத் தட்டினேன். எண்டரை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"சார், நீ இப்போ படிக்கிறியா, எழுதுறியா?"

"ரிப்பேர் பண்றேம்மா."

"ரிப்பேர்னா அதுல எழுதுவியா?"

"கொஞ்சம் எழுதும்."

"அப்போ வாணாம். அட்டை எடுக்க வந்தவனும் இப்டித்தான். இன்னா ஏதுன்னு கேக்காமயே எழுதிட்டான். நான் அலைஞ்சிகினு கீறேன். மொதல்ல படி சார். எழுதறத அப்பால பாத்துக்கலாம்."

இருபது வருடமாக இதே தொழில். இவர் எனக்குச் சொல்லித் தருவதா என்று சுர்ரென்று ஏறியது. ஆனாலும் அவர் விரல் டிஸ்க்கின் மூலையை விட்டு நகர்வதாக இல்லை. சரி, இவர் திருப்திக்கு என்று தட்டியதை அழித்துவிட்டு, 'ro' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து மவுண்ட் செய்தேன். படிக்க மட்டும், ஓர் எழுத்துகூட எழுதாதே என்று அர்த்தம்.

திறந்தது. எல்லாவற்றையும் முதலில் என் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தேன். பிறகு அவருடைய அப்பா பேரைக் கேட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினோம். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு கிடைத்தது. சாய்வான மசி எழுத்தில் இவர் பேர், அப்பா பேர், தொழில் கூலி, பிறந்த தேதி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு.

அழுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனுக்கு இன்னா வயசு சார்?"

"ஐம்பத்திரண்டு."

"ரெண்டு வயசுதான் வித்தியாசம். என்னப் போய் பாட்டின்ற!"

வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். இதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நகல்தான் இருக்கிறதே, டிஸ்க்கைச் சரிசெய்தே கோயிலுக்குக் கொடுப்போம் என்று, முன்பு நிறுத்திய அதே பழுது பார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், நான் செய்யப் போனது சரிதான் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'இது பழுது, நீக்கட்டுமா' என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, சரி சரி என்று போட்டுக்கொண்டே போனேன். முடிந்ததும் திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு படம்கூட இல்லை.

அவர் திரும்பி வந்ததும் மறைக்காமல் சொன்னேன். காலி டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லவேள, மொதல்ல படிச்ச" என்றார். அவ்வளவுதான். படங்களை வேறொரு டிஸ்க்கில் போட்டு, நானே கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பங்குத் தந்தை கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழை அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அம்மாள் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

இப்போதெல்லாம் எந்த டிஸ்க் வந்தாலும் முதலில் 'ro' போட்டுத்தான் திறக்கிறேன். முகாமில் அட்டை எழுதியவரைத் திட்ட மட்டும் எனக்கு வாய் வருவதில்லை. அவர் அட்டையில் எழுதிய அதே வயதைத்தான், படியேறி வந்தவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நானும் மனதுக்குள் எழுதியிருந்தேன்.