ப்ராக் கோவிலில் அத்தையின் ஷூ

அன்று நான் யாருக்குப் பயந்தேன்? ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அந்தக் கோவிலில் எங்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. மறுநாள் இரவு நாங்கள் அந்த ஊரை விட்டே கிளம்பிவிட்டோம்.

என் கணவருக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் இரண்டு வருட வேலை. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆசிரியை. போன கோடை விடுமுறைக்கு மூன்றரை வயது மகனையும் என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். வெள்ளிக்கிழமை ரயிலேறி ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக மூன்று வாரம் மூன்று ஊர் பார்த்தோம். முதலில் ப்ராக், பிறகு வியன்னா, கடைசியாகப் பாரிஸ்.

திரும்பி வந்ததும் ஸ்டாஃப் ரூமில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சூப்பர் என்று சொல்லி போட்டோக்களைக் காட்டினேன். உண்மையில் ப்ராக் என்றால் எனக்குத் தரைதான் ஞாபகம். கல் பதித்த தெருக்களில் பிள்ளையின் தள்ளுவண்டிச் சக்கரம் சிக்கிச் சிக்கி, பாதி ஊரை நான் குனிந்தபடியேதான் பார்த்தேன். பாரிஸில் அந்த இரும்புக் கோபுரத்தைப் பார்த்த நேரத்தைவிடப் பிள்ளைக்குக் கழிப்பறை தேடி அலைந்த நேரம் அதிகம். வியன்னாவில் ஹோட்டல் அறையில் எலக்ட்ரிக் கெட்டிலில் சேமியா கிண்டி, வாசனை வெளியே போகுமோ என்று கதவிடுக்கில் துண்டைச் செருகி வைத்தேன். அழகாக இல்லை என்று சொல்ல வரவில்லை. அழகாகத்தான் இருந்தது. எங்களை யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதிலேயே என் நேரம் போய்விட்டது.

அத்தைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ப்ராகில் ரயிலை விட்டு இறங்கிக் குளிர்காற்று முகத்தில் அடித்ததும் என் கணவரிடம் சொன்னார். "இதுக்கா ஏரோப்ளேன்ல வந்தோம்? நம்மூரு மன்னவனூர் பஸ்ஸுல ஏறியிருந்தா இதே குளிரு, சன்னலோர சீட்டும் கெடச்சிருக்கும்."

சனிக்கிழமை காலை டிராமில் போனோம். என் மகனுக்கு அப்போது பேச்சே வரவில்லை. சந்தோஷம் வந்தால் 'ஆ' என்று நீளமாகக் கத்துவான், அவ்வளவுதான். டிராம் பாலத்தில் ஏறியதும் ஆற்றைப் பார்த்துக் கத்தினான். பெட்டி முழுக்க ஒரு சத்தம் இல்லை. நான் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினேன். பிள்ளை எந்தச் சத்தம் போட்டாலும் பதிலுக்கு நாமும் சத்தம் கொடுக்க வேண்டும் என்று மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் அதைத் தவறாமல் செய்கிறவள் நான். அத்தை என் கையை ஒருமுறை பார்த்தார்.

இறங்கி ஒரு பெரிய மாதா கோவிலுக்குப் போனோம். வாசலைத் தாண்டியதும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். கொடைக்கானலில் எங்கள் நாயுடுபுரத்து மாதா கோவிலில் டிசம்பர் குளிரிலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். எனக்கும் பழக்கம் அதுதான். ஆனால் அங்கே எல்லோரும் ஷூவோடு நடந்துகொண்டிருந்தார்கள். அத்தை சாக்ஸையும் உருவினார். விடுதிச் சமையலறையின் ஈரத்தில் முப்பது வருடம் நின்ற கால்கள். குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் தேங்காய் எண்ணெய் கறுத்துக் கிடந்தது. அதே நேரம் காவலர் ஒருவர் எங்கள் பக்கம் வந்தார்.

"அத்தை, ஷூவப் போடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"கோவிலுக்குள்ளயா?"

"இங்க இப்படித்தான். வெரசாப் போடுங்க."

அவரால் அவ்வளவு குனிய முடியாது. நானே மண்டியிட்டு சாக்ஸை மாட்டி, ஷூவைத் திணித்து, லேஸை இழுத்துக் கட்டினேன். அந்தக் காவலர் எங்களைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற ஒருவரிடம் தொப்பியைக் கழற்றச் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க போயிப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். நாங்கள் பீடம் வரை போனோம், போட்டோ எடுத்தோம். வியன்னாவிலும் பாரிஸிலும் அவர் கோவிலுக்குள் வரவே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே இருந்துவிட்டார். எவ்வளவு அனுசரணையான மாமியார் என்று நினைத்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

ஊர் திரும்பிய அடுத்த மாதம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். ஜெபம் முடிந்து நான் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அத்தையைச் சீண்டினார்.

"என்ன பெரியம்மா, அந்த ஊரு மாதாவுக்குத் தமிழு புரியுமா?"

"அதெல்லாம் புரியும். ஒன் அரட்டைதான் எந்த மாதாவுக்கும் புரியாது."

எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு அத்தை சொன்னார். "பேரனுக்குப் பேச்சு வரணும்னு நேந்துக்கிட்டுத்தான் போனேன். வெறுங்கால்ல பீடம் வரைக்கும் நடந்து போயி, முட்டி போட்டு வேண்டிக்கிட்டு வந்தேன். எம் மருமகதான் என் ஷூவக் கையில வாங்கி வச்சுக்கிட்டு நின்னா."

அப்படி ஒரு நேர்ச்சை இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். இல்லை, அப்படி நடக்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சுண்டல் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, நேர்ச்சையை முடிக்காமல் வந்துவிட்டோம் என்று நாலு பேரிடம் சொல்ல அவருக்கே மனம் வரவில்லையா, தெரியவில்லை. கணவரிடம் போனில் சொன்னேன். அம்மா மறந்திருப்பாங்க, விடு என்றார். அத்தை எதையும் மறக்கிறவர் இல்லை. ஒருநாள் காலை சமையலறையில் துணிந்து, "அத்தை, ப்ராக்ல அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எத்தன விசில் வந்துச்சுன்னு எண்ணுனியா?" என்றார். நான் எண்ணியிருக்கவில்லை.

மகன் இப்போது ஐந்தாறு வார்த்தை சொல்கிறான். அப்பா, தா, பஸ். மெதுவாக வரும் என்கிறார் பயிற்சி கொடுப்பவர். நான் படித்தவள். ஒரு ஷூவுக்கும் ஒரு பிள்ளையின் நாக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவன் ஒரு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்து, வராமல் மூடும்போதெல்லாம் அந்த லேஸைக் கட்டிய என் விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

இந்த விடுமுறைக்கும் வரச் சொல்லிக் கணவர் கேட்கிறார். அத்தை முட்டிவலி என்று சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டால், அன்று கூட்டத்தில் நீங்கள் சொன்னது பொய் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். கேட்காமல் இருந்தால் அந்தப் பொய்யை அவர் ஒருவராகவே சுமக்க வேண்டும். கட்டாயப்படுத்தியாவது கூட்டிப்போய் அதே வாசலில் ஷூவைக் கழற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அது அவருக்காகவா, என் மனம் ஆறவா என்று உடனே சந்தேகம் வந்துவிடுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். பேச்சை அவர் மாற்றாதபடி எப்படித் தொடங்கினீர்கள்? முதலில் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.